துப்பாக்கி அவளுக்கு, தொலைநோக்கி அவனுக்கு

பிரிந்துபோகிற கணவன் மனைவிக்குச் சாமான்களைப் பங்கு போட வந்த வக்கீல், வாழ்க்கையில் ஒரு முயலைக்கூட முறைத்துப் பார்த்தவரில்லை. துப்பாக்கி மனைவி ஹெம்மாவின் உரிமத்தில் இருந்தது. ஆகவே அது ஆயுதம், அவளுக்கு. அதன் முதுகில் மாட்டுகிற தொலைநோக்கி சட்டப்படி ஆயுதமில்லை. ஆகவே அது வீட்டுச் சாமான், காப்பி மெஷினோடும் தோட்டத்து நாற்காலிகளோடும் சேர்ந்து ஒட்டோகருக்குப் போயிற்று. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துவிடக் கூடாது என்பதில் இரண்டு பேரும் அன்றைக்கு அத்தனை குறியாக இருந்ததால் யாரும் வாயைத் திறக்கவில்லை. கையெழுத்துப் போட்டுவிட்டு வண்டியில் வந்து உட்கார்ந்த பிறகுதான் ஒட்டோகருக்கு உறைத்தது: குதிரை அவளோடு போய்விட்டது, சேணம் தன் மடியில் கிடக்கிறது.

ஸ்கோப் என்று இப்போது வருகிற தொலைநோக்கிகளுக்கு மானம் ரோஷம் கிடையாது. எந்தத் துப்பாக்கியில் வைத்தாலும் உட்காரும். துப்பாக்கிக் கொல்லர்களுக்குப் பேர்போன ஃபெர்லாக் ஊர்ப் பக்கத்துப் பழைய வேட்டைத் துப்பாக்கிகளின் கதை வேறு. அந்தத் தொலைநோக்கிக்கு அடியில் இரண்டு எஃகுப் பாதங்கள் இருக்கும். முன் பாதத்தில் இரண்டு கொக்கிகள். துப்பாக்கியின் முதுகில் அந்தக் கொக்கிகளுக்கென்றே வெட்டிய குழிகள். மூக்கைத் தாழ்த்திக் கொக்கியை நுழைத்து, பின்பக்கத்தை உள்ளங்கையால் அழுத்தினால் ‘டக்’கென்று ஒரு சத்தம். அதற்குப் பிறகு மயிரிழை ஆடாது. பின்னாலிருக்கிற குமிழைத் தள்ளினால் மறுபடி கையோடு வந்துவிடும். யாரோ ஒரு கொல்லன் அரத்தை வைத்துக்கொண்டு வாரக்கணக்கில் உட்கார்ந்து, அந்த ஒரு துப்பாக்கிக்காக மட்டுமே இழைத்த பாதங்கள். அதே பட்டறையில் அதே மாதம் செய்த இன்னொரு துப்பாக்கியில் வைத்தால்கூடப் பொருந்தாது.

ஒட்டோகர் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவன். பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, தன் காலடியில் ஒரு தனி பிரேக்கை வைத்துக்கொண்டு, அடுத்தவர் ஓட்டுவதைத் திருத்துவது அவன் பிழைப்பு. வீட்டுக்கு வந்தும் அந்தப் பிழைப்பை விடாததுதான் ஹெம்மா போனதற்குக் காரணம். ரொட்டி அறுக்கும்போது, மாடிப்படி ஏறும்போது, தும்மும்போதுகூட அவனிடம் ஒரு யோசனை இருந்தது. மாட்டு வைத்தியரான ஹெம்மா, கன்று ஈனும் மாட்டின் உதையைப் பொறுத்துக்கொள்கிறவள். யோசனையைப் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

இது நடந்து மூன்று வருஷம் இருக்கும். அக்டோபர் மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை அவனுக்குப் போன் வந்தது. ப்ரீமுஸ் பேசினான். ப்ரீமுஸ் ஹெம்மாவின் அண்ணன், ஊரில் துப்பாக்கிப் பட்டறை வைத்திருப்பவன். விவாகரத்துச் சட்டத்தில் மனைவியை ரத்து செய்ய வழி இருக்கிறது. மச்சானை ரத்து செய்ய வழியில்லை.

“மாப்ளே, எங்க இருக்கே?”

“ரவுண்டானாவுல. ஒரு பொண்ணு மூணாவது தடவையா அதையே சுத்திக்கிட்டிருக்கு. சொல்லு மச்சான்.”

“ஹெம்மா துப்பாக்கியக் கொண்டாந்து போட்டிருக்கா. மேல குழி வெட்டியிருக்கற பழைய தட்டுகளையெல்லாம் சீவி எறிஞ்சுட்டு, நாலு ஓட்டை போட்டு, புது ஸ்கோப் மாட்டிக் குடுன்னு நிக்கிறா. வியாழக்கிழமை மெஷின்ல ஏத்தணும்.”

ஒட்டோகரின் கால் அதுவாகவே பிரேக்கை மிதித்தது. வண்டி ரவுண்டானாவுக்கு நடுவில் குலுங்கி நின்றது. பின்னால் பால் லாரி ஹாரன் அடித்தது. “சார், நான் எதுவுமே பண்ணலையே சார்?” என்று அந்தப் பெண் அழப் பார்த்தாள்.

“நீ நல்லாத்தான் ஓட்டுறேம்மா. நான்தான் சரியில்லை,” என்றான். அவன் அப்படிச் சொல்லி யாரும் கேட்டதில்லை. “மச்சான், அந்தத் தட்டுல ஓக் இலை செதுக்கியிருக்குடா! அதைப் போயி சீவுறதா? வேண்டாம்னு சொல்ல வேண்டியதுதானே?”

“சொன்னேன். ‘நீ எனக்கு அண்ணனா, துப்பாக்கிக்கு அண்ணனா’ன்னு கேட்டா. கண்ணு மங்குதாம் அவளுக்கு. கிட்டக்க இருந்தா குழல் மேல இருக்கற இரும்புக் குறியில சுட்டுருவா, தூரமாப் போனா முடியலையாம். வேட்டைச் சங்கத்துல அவளுக்கு ஒரு கம்ஸ் மலையாடு ஒதுக்கியிருக்காங்க, குட்டியில்லாத கிழட்டுப் பெட்டை. பனி மூடறதுக்குள்ள எடுக்கணும். அவ சொல்றதும் நியாயந்தானே? ஸ்கோப் உன்கிட்ட கெடக்கு. அதுல என்னடா பண்றே மூணு வருஷமா? நிலாவா பாக்குறே?”

ஒட்டோகர் நிலாவைப் பார்த்திருக்கிறான். நான்கு மடங்கு பெரிதாக, நடுவில் கருப்புக் குறுக்குக் கம்பியோடு. அவ்வளவு நன்றாக இருக்காது.

அவன் அதைத் திருப்பிக் கொடுக்காததற்குக் காரணம் உண்டு. வெளியில் சொன்னால் ஊர் சிரிக்கும். கல்யாணமான வருஷம் இருவரும் சேர்ந்து ஓர் ஏலத்தில் எடுத்த துப்பாக்கி அது. அவள் தேனிலவுக்குப் போக வேண்டாம் என்றாள், அவன் புது சோபா வேண்டாம் என்றான், அப்படி வந்தது. அந்தப் பாதங்கள் போய் உட்கார இந்த உலகத்தில் ஒரே ஒரு இடம் இருக்கிறது, அது ஹெம்மாவிடம் இருக்கிறது. அது இருக்கிறவரை கதை முடியவில்லை என்று அவன் மனசுக்குள் ஒரு கணக்கு ஓடிக்கொண்டிருந்தது. மெஷின் அந்தக் குழிகளைச் சீவிவிட்டால் அவன் கையில் மிஞ்சுவது நிலா பார்க்கிற குழாய்.

அப்படியானால் உடனே கொண்டுபோய்க் கொடுத்துவிட வேண்டியதுதானே என்று கேட்கலாம். அதில்தான் ஒரு சிக்கல். போன வருஷம் பிப்ரவரியில், பழச்சாராயம் கொஞ்சம் அதிகமாகிப் போன ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், ‘நீ இல்லாமலும் எனக்கு வாழத் தெரியும்’ என்று காற்றைப் பார்த்துச் சொல்லிவிட்டு, தொலைநோக்கியை வைஸ் இடுக்கியில் இறுக்கிவைத்து, தன்னுடைய புதுத் துப்பாக்கிக்குப் பொருந்தும்படி இடதுபக்கக் கொக்கியை அரத்தால் ராவினான். பொருந்தவில்லை. பழையதற்கும் இனிமேல் பொருந்தாது என்று ராவி முடித்த பிறகுதான் புத்தி வந்தது.

வியாழக்கிழமை காலையில் தொலைநோக்கியைக் கம்பளிக் காலுறைக்குள் நுழைத்து எடுத்துக்கொண்டு பட்டறைக்குப் போனான். ஹெம்மா வருவதற்குள் கொடுத்துவிட்டுக் கிளம்பிவிடலாம் என்பது திட்டம்.

ப்ரீமுஸ் காலுறையை உருவினான். மூக்குக் கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கினான். கொக்கியைப் பார்த்தான். ஒட்டோகரைப் பார்த்தான்.

“இது என்னடா, எலி கடிச்சுதா?”

“கொஞ்சமா ராவினேன் மச்சான்.”

“கொஞ்சமா. எதால?”

“அரத்தால.”

“தோட்டக் கருவி வச்சிருக்கற டப்பால கெடக்குமே, அந்த அரமா? வேலி ஆணி ராவுற அரமா?”

“…அதுதான்.”

ப்ரீமுஸ் தொப்பியைக் கழற்றினான். செத்த வீட்டில் செய்வதுபோல அதைக் கொஞ்ச நேரம் நெஞ்சில் வைத்துக்கொண்டு நின்றான். அந்த நேரம் பார்த்துக் கதவு மணி அடித்தது. ரப்பர் பூட்ஸும் தொழுவத்து வாசனையுமாக ஹெம்மா உள்ளே வந்தாள்.

“யாரு செத்தது?” என்றாள். அப்புறம் ஒட்டோகரைப் பார்த்தாள். “ஓ. இன்னும் சாகலையா?”

“நல்லா இருக்கியா ஹெம்மா?”

“இருந்தேன், இந்த நிமிஷம் வரைக்கும்.” அவள் கண் மேஜைக்குப் போயிற்று. தொலைநோக்கியைக் கையிலெடுத்தாள். பார்த்த மாத்திரத்தில் கண்டுபிடித்துவிட்டாள். “அண்ணா, இதுல யாரு அரம் போட்டது?”

ப்ரீமுஸ் சுவரில் மாட்டியிருந்த மான் கொம்புகளை எண்ணத் தொடங்கினான்.

“நான்தான்,” என்றான் ஒட்டோகர். “அந்தப் புதுத் துப்பாக்கியில மாட்டலாம்னு பாத்தேன்.”

“அந்தத் தகரத்துலயா? பிளாஸ்டிக் பிடி போட்டிருக்குமே, பாத்திரம் தேய்க்கற பிரஷ் மாதிரி, அதுலயா இதை மாட்டப் பாத்தே?”

“மாட்டலை. முடியலை.”

“முடியாதுடா. இது என்ன உன் காப்பி மெஷினா?”

அவள் திட்டிக்கொண்டே துப்பாக்கியை எடுத்து மேஜைமேல் வைத்து, மூக்கைத் தாழ்த்திக் கொக்கிகளை நுழைக்கப் பார்த்தாள். நுழையவில்லை. குழிகள் இரண்டும் மஞ்சளாக எதனாலோ அடைபட்டிருந்தன. அவள் சட்டென்று துப்பாக்கியைத் தன் பக்கம் இழுத்தாள். ப்ரீமுஸ் அதைவிடச் சட்டென்று அதைத் திருப்பிக்கொண்டு, ஓர் ஊசியால் குழியைக் கிளறி, மோந்து பார்த்தான்.

“தேன்மெழுகு,” என்றான். “ஏம்மா, சீவி எறியப்போற குழிக்கு எதுக்கு மெழுகு வச்சு அடைச்சிருக்கே?”

“மழை தண்ணி போகாம இருக்க.”

“புது மெழுகா இருக்கே. போன வாரம் வச்சதுபோல.”

“துருப் பிடிக்கும்ல? உனக்கு வேற வேலை இல்லையா அண்ணா?” அவள் காது சிவந்துவிட்டது. இருபது வருஷமாக அந்தக் காதை அறிந்த ஒட்டோகர், வாழ்க்கையில் முதல் தடவையாக, எந்த யோசனையும் சொல்லாமல் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். நாக்கின் நுனியில் ஒன்றிரண்டு வந்தன. விழுங்கினான்.

மெழுகை எடுத்துவிட்டு மாட்டிப் பார்த்தார்கள். ‘டக்’ கேட்டது. கேட்டதோடு சரி, தொலைநோக்கி ஆடுகிற பல்லைப்போல இடம் வலமாக அசைந்தது.

“வெல்டிங் வச்சுக் கொக்கிய மறுபடி வளர்க்கணும்,” என்றான் ப்ரீமுஸ். “அப்புறம் விளக்குக் கரியில காட்டி, மாட்டிப் பார்த்து, கரி எங்க அழியுதோ அங்க ராவணும். மறுபடி கரி, மறுபடி மாட்டு. வசந்த காலம் ஆயிரும். இல்லேன்னா இன்னைக்கே மெஷின்ல சீவிட்டுப் புதுசு வைக்கலாம், மதியம் வந்து எடுத்துட்டுப் போயிரலாம். ஹெம்மா, நீதான் சொல்லணும்.”

“எனக்குச் சனிக்கிழமை மலைக்குப் போகணும். சீவிரு.”

ப்ரீமுஸ் மெஷின் பக்கம் திரும்பினான். ஒட்டோகர் குறுக்கே வந்து நின்றான்.

“என் தகரத்தை எடுத்துட்டுப் போ,” என்றான் அவசரமாக. “சனிக்கிழமைக்கு மட்டும். அதுல நல்ல ஸ்கோப் இருக்கு, தூரம் நல்லாத் தெரியும். மலையில பார்த்துட்டு வந்து அப்புறம் முடிவு பண்ணு. அப்பவும் சீவணும்னா நானே வந்து பிடிச்சுக்கறேன்.”

“உன் தகரம் மட்டும் வருமா, நீயும் வருவியா?”

“மூட்டை தூக்க ஆள் வேணும்ல? உன் நாய்க்கும் கால்ல அடின்னு கேள்விப்பட்டேன்.”

ஹெம்மா யோசித்தாள். “வா. ஆனா ஒண்ணு. மலையில நான் கேட்டாத்தான் பேசணும். ‘ஹெம்மா, கொஞ்சம் இடது பக்கம்’னு ஒரு வார்த்தை வந்துச்சு, அங்கயே உருட்டி விட்டுருவேன்.”

“சரி.”

“அண்ணா, சாட்சி.”

“சாட்சி,” என்றான் ப்ரீமுஸ், மெஷினின் சுவிட்சிலிருந்து கையை எடுத்தபடி.

சனிக்கிழமை விடிந்த பிறகு ஏறத் தொடங்கினார்கள். ஒட்டோகர் முதுகில் மூட்டை. அதில் ரொட்டி, ஸ்பெக் பன்றியிறைச்சி, கயிறு. வாயில் ஒன்றுமில்லை. அவள் தப்பான பாதையில் திரும்பினாள், அவன் பேசவில்லை. தப்பென்று கண்டு அவளே திரும்பி வந்தாள், அப்போதும் பேசவில்லை. அவள் இரண்டு தடவை நின்று, உயிரோடு இருக்கிறானா என்று பின்னால் பார்த்தாள்.

உச்சிக்குக் கீழே பாறை விளிம்பில் படுத்தபோது மேகம் இறங்கிவிட்டது. மூச்சு விட்டால் அது வெளியே போகாமல் முகத்திலேயே ஒட்டியது. அந்தப் பால் வெள்ளைக்குள்ளிருந்து, கல்லெறி தூரத்தில், ஒரு கம்ஸ் தலையைத் தூக்கியது. கிழட்டுப் பெட்டை. குட்டியில்லை. கொம்பு வளைந்து, முகத்துக் கோடு மங்கி, ஊர்ப் பெரிய மனுஷி மாதிரி இவர்களைப் பற்றி ஏதோ மென்றுகொண்டிருந்தது.

ஹெம்மா துப்பாக்கியைத் தோளில் வைத்தாள். வைத்தவள் அப்படியே இருந்தாள்.

“ஒண்ணும் தெரியலை,” என்று மூச்சுக்குள் சொன்னாள். “கண்ணாடி பூரா பனி.”

அவன் காத்திருந்தான். அவள் இன்னும் ‘சொல்லு’ என்று சொல்லவில்லை.

“பேசுடா, எருமை!”

“ரொம்பக் கிட்டக்க இருக்கு. ஸ்கோப் வேண்டாம், இரும்புக் குறியில—”

“எங்க இருக்கு இரும்புக் குறி?”

“இதுல இல்லை. இப்பல்லாம் வைக்கறதில்லை.”

“ஸ்கோப்பையாவது கழட்டு!”

“கழட்ட முடியாது. திருகாணி. அதுக்குத் தனி சாவி, வீட்ல இருக்கு.”

ஹெம்மா அவனைத் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வையைப் பார்த்ததும் ‘உருட்டி விட்டுருவேன்’ என்றது வெறும் பேச்சில்லை என்று ஒட்டோகருக்குப் புரிந்தது. “என் துப்பாக்கியா இருந்தா,” என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள், “குமிழைத் தள்ளி, ஸ்கோப்பைக் கையில எடுத்து, உன் வாயில சொருகிட்டு, இரும்புக் குறியில சுட்டிருப்பேன். இந்நேரம் முடிஞ்சிருக்கும்.”

 தான் சொன்னது தன் காதிலேயே விழுந்ததுபோல அவள் துப்பாக்கியைத் தோளிலிருந்து மெல்ல இறக்கினாள். ஒட்டோகர் சட்டையின் ஓரத்தை இழுத்து, உள்பக்கத்து உலர்ந்த துணியால் கண்ணாடியைத் துடைத்தான். அதற்குள் கம்ஸ் நாலு எட்டு நடந்து மேகத்துக்குள் போய்விட்டது.

காத்திருந்தார்கள். பனியில் தாடை நடுங்கியது. ஸ்பெக்கைக்கூட மெல்லாமல் விழுங்கினார்கள். ஒரு தடவை காற்று வந்து மேகத்தைப் போர்வையை இழுப்பதுபோல இழுத்தது. எதிர்ச் சரிவில், இப்போது நல்ல தூரத்தில், அதே பெட்டை பக்கவாட்டில் நின்றது. தகரத் துப்பாக்கியின் ஸ்கோப்புக்கு இது தோதான தூரம். ஹெம்மா மூச்சை விட்டாள். அவன் தன் மூச்சைப் பிடித்துக்கொண்டான். பிடித்துக்கொண்டது மூச்சை மட்டுமில்லை, நாக்கையும்தான். வெடிச் சத்தம் இரண்டு மலைக்கும் போய்ப் பேசிவிட்டுத் திரும்பியது. கம்ஸ் முன்னங்கால் மடிந்து சரிந்து, கீழே குட்டைப் பைன் புதர்களுக்குள் காணாமல் போயிற்று.

“நல்ல குறி,” என்றான் ஒட்டோகர், அனுமதியில்லாமல். அதை அவள் கண்டுகொள்ளவில்லை.

அந்தப் புதர் ஆளுயரம்கூட இருக்காது. ஆனால் உள்ளே நுழைந்தவன் கைகால் நான்கையும் ஊன்றித்தான் போக வேண்டும். நாய் இருந்தால் அது போயிருக்கும். ஒட்டோகர் போனான். முகத்தைக் கிளை கீறியது, முழங்கால் நனைந்தது, தொப்பி எங்கோ மாட்டிக்கொண்டது. இலைமேல் சொட்டுச் சொட்டாகத் தெரிந்த சிவப்பைப் பின்தொடர்ந்து, குனிந்து, தவழ்ந்து, மூச்சிரைத்து, கடைசியில் பாறை இடுக்கில் அந்தக் கிழவியைக் கண்டுபிடித்துக் கத்தினான். குரைத்த மாதிரிதான் இருந்தது.

வேட்டை வழக்கத்தை அவன் விடவில்லை. ஒரு பைன் கொப்பை ஒடித்து, காயத்தில் தொட்டு, மாட்டிக்கிடந்த தொப்பியை மீட்டு அதன்மேல் வைத்து, சத்தம் கேட்டு வந்து சேர்ந்த ஹெம்மாவிடம் நீட்டினான். “வைட்மன்ஸ்ஹைல்,” என்று வேட்டைக்காரர்களின் வாழ்த்தைச் சொன்னான்.

“வைட்மன்ஸ்டாங்க்,” என்று அவள் அதே பாஷையில் நன்றி சொல்லி வாங்கித் தன் தொப்பியின் வலப்பக்கம் செருகினாள். பிறகு எதையோ நினைத்துக்கொண்டவள்போல அதை மறுபடி எடுத்து, நுனியில் ஒரு துண்டை ஒடித்தாள். அடிபட்ட மிருகத்தைத் தேடிக் கண்டுபிடித்த நாய்க்கு, சுட்டவர் தன் கொப்பிலிருந்து ஒரு துண்டு ஒடித்துக் கழுத்துப்பட்டையில் செருகுவது எங்கள் பக்கத்து மரியாதை. ஹெம்மா அந்தத் துண்டை ஒட்டோகரின் சட்டைக் காலருக்குள் செருகினாள். அவள் விரல் ஜில்லென்று இருந்தது.

“இது நாய்க்குக் குடுக்கறது,” என்றான்.

“தெரியும்.”

அவள் பாறைமேல் உட்கார்ந்து போனை எடுத்தாள். சிக்னல் கிடைக்கக் கையைத் தூக்கி, இறக்கி, கடைசியில் ஸ்பீக்கரில் போட்டுப் பிடித்தாள்.

“அண்ணா, கிடைச்சுருச்சு.”

“ஆள் கிடைச்சானா, ஆடு கிடைச்சுதா?”

“ரெண்டும். இங்க பாரு, அந்தக் குழிய சீவாதே. கொக்கிக்கு வெல்டிங் வை. நல்லா, பழைய மாதிரியே வரணும்.”

“வசந்தம் ஆயிரும்னு சொன்னேனே.”

“ஆகட்டும்.”

“சரி, ஒண்ணு சொல்லு. ஸ்கோப் அவனோடது, துப்பாக்கி உன்னோடது. வேலை முடிஞ்சதும் எதை யார் வீட்டுக்கு அனுப்பறது? மறுபடி தனித்தனியாக் குடுத்தா நான் செஞ்சதுக்கு அர்த்தமே இல்லை.”

ஹெம்மா சரிவைப் பார்த்தாள். ஒட்டோகர் கம்ஸின் கால்களைக் கயிற்றால் கட்டிக்கொண்டிருந்தான், காது முழுக்கப் போனிலிருந்தது, அதனால் முடிச்சு தப்பாக விழுந்துகொண்டே இருந்தது.

“தனித்தனியாக் குடுக்காதே,” என்றாள். “ஒண்ணா வை. ரெண்டு பேருமா வந்து வாங்கிக்கறோம்.”

போனை அணைத்துவிட்டு, அவனருகே வந்து மண்டியிட்டு, அவன் கையிலிருந்த கயிற்றின் மறு முனையைப் பிடித்துக்கொண்டாள்.